பாலி கடற்கரையில் 'மாதொருபாகன்' படித்தேன். அத்தை கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லை

பொங்கோல் வாசகி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். எனக்குத் தெரிந்த வட்டத்தில் இந்தப் புத்தகத்தைப் படித்தவர் ஒரே ஒருவர்தான். அவரிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் என் பிரச்சினை.

ஜூன் பள்ளி விடுமுறையில் ஐந்து நாள் பாலிக்குப் போயிருந்தோம். நான், என் கணவர், அத்தை (கணவரின் அம்மா). மாமா போன பிறகு அத்தை இங்கே சிங்கப்பூரில் வீட்டையும் தேக்காச் சந்தையையும் விட்டு எங்கும் நகரவில்லை. கடல் காற்று பட்டால் நல்லது என்று நான்தான் வற்புறுத்தினேன். சானூரில் தங்கினோம். கிழக்குப் பார்த்த கடற்கரை. தூரத்திலேயே பவளப்பாறை அலையைத் தடுத்துவிடுவதால் கரையோரம் குளம் மாதிரி கிடக்கும், வயதானவர்கள் பயமில்லாமல் கால் நனைக்கலாம். ஜூன் மாதம் அங்கே மழையில்லாத காலம். ஐந்து நாளும் நல்ல வெயில், ஆனால் நம்மூர்ப் புழுக்கம் இல்லை.

என் கைப்பையில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' இருந்தது. 2010இல் வந்த நாவல். வாங்கி நாலைந்து வருடம் ஆகியும் நான் பிரிக்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம், வயது 37, குழந்தை இல்லை. பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு முறை ஐவிஎஃப் (செயற்கைக் கருத்தரிப்பு) செய்தோம். எங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து முதல் சுற்றுக்கு 6,000 வெள்ளியும் இரண்டாவதற்கு 5,000 வெள்ளியும் எடுக்கலாம், எடுத்தோம். இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதற்கு 4,000 எடுக்கலாம். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுப்பதில்லை.

வீட்டில் இதைப் படித்தால் அத்தை கண்ணில் படும். வெளிநாட்டில், நீச்சல் குளத்தோரம் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கும்போது படித்தால் அவ்வளவு வலிக்காது என்று நினைத்துத்தான் எடுத்துப்போனேன்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர் காலத்துத் திருச்செங்கோட்டுப் பக்கம். காளி, பொன்னா என்று ஒரு தம்பதி. பன்னிரண்டு வருடமாகக் குழந்தையில்லை. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருக்கிறார்கள். வைகாசித் தேர்த் திருவிழாவில் ஓர் இரவு வருகிறது. அன்று அங்கே கூடும் ஆண்களெல்லாம் சாமி. குழந்தையில்லாத பெண் அந்த இரவில் யாரோ ஒருவனோடு கூடிப் பெற்றால் அது சாமி கொடுத்த பிள்ளை. பொன்னாவை அங்கே அனுப்பலாம் என்று பேச்செடுப்பதே காளியைப் பெற்ற சீராயிதான், அதாவது பொன்னாவின் மாமியார். காளி முடியாது என்கிறான். அப்புறமும் அவன் சம்மதித்துவிட்டதாகப் பொன்னாவிடம் பொய் சொல்லி அழைத்துப்போகிறார்கள்.

அந்த இரவை நினைத்துத்தான் நான் இத்தனை வருடம் பயந்தேன். ஆனால் என்னை ஆட்டிவைத்தது வேறோர் இடம். மலை உச்சியில் வறடிக்கல் என்று ஒரு பாறை. பிள்ளை வரம் வேண்டும் பெண் அதைச் சுற்றி வரவேண்டும். கால் வைக்கவே அகலமில்லாத விளிம்பு, கீழே பார்த்தால் பாதாளம். பொன்னா சுற்றுகிறாள். நான் சாய்வு நாற்காலியில் படுத்தபடி அதைப் படித்துக்கொண்டிருந்தேன். குளத்தில் யார் யாருடைய பிள்ளைகளோ தண்ணீர் அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. பார்த்தால் என் பத்துக் கால்விரலும் எதையோ பற்றிக்கொள்வதுபோல் மடங்கியிருந்தன. எவ்வளவு நேரமாக அப்படி வைத்திருந்தேனோ. அந்த நேரத்தில் அத்தை நிழலிலிருந்து, "வெயில் ஏறுது பாரு, இந்தப் பக்கம் தள்ளிப் படு" என்றார்.

எனக்கும் வறடிக்கல் இருந்தது. ஈசூன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு மூன்று வருடம் பால்குடம். ராத்திரி ஒன்பது மணிக்கு வயிற்றில் ஊசி. ஜொகூரிலிருந்து அத்தை வரவழைத்துக் கொடுத்த கஷாயம். இதில் எதையும் யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. இரண்டாவது முறை தங்காமல் போனபோது, ஒரு வார்த்தை பேசாமல் தன் இரண்டு வளையலைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனவர் அத்தை. மறுநாள் நான் திருப்பிக் கொடுத்தேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கும்.

என் கணவர் ஒருமுறை புத்தகத்தைப் பார்த்து, "என்ன கதை?" என்று கேட்டார். "கிராமத்துக் கதை" என்றேன். அவர் பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படித்ததோடு சரி, தலைப்பையே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். அதற்குமேல் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து புத்தகத்தைப் பிரித்தேன். கோடாலித் தைல வாசனை. அத்தையின் நெற்றியிலும் விரலிலும் எப்போதும் இருக்கும் அதே வாசனை. பக்க ஓரங்களில் எண்ணெய் விரல் பட்ட தடம். நான் அடையாளத்துக்கு விமானச் சீட்டின் துண்டை வைத்திருந்தேன். அது வைத்த இடத்திலேயே இருந்தது, ஆனால் வாசனை அதைத் தாண்டிக் கடைசிப் பக்கம்வரை போயிருந்தது. நான் பாதி படிப்பதற்குள் அவர் முடித்துவிட்டார்! ராத்திரி எங்களுக்குத் தூக்கம் வந்த பிறகு பால்கனி விளக்கில் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். அத்தை உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். இன்றைக்கும் தமிழ் முரசைக் கடைசிப் பக்கம்வரை விடாமல் வாசிப்பார். எங்கள் குடும்பத்தில் இந்தப் புத்தகத்தைப் படிக்க முடிந்தவர்கள் இரண்டே பேர், நானும் அவரும்.

கடைசி நாள் சாயங்காலம் இருவரும் கரையோரம் நடந்தோம். கணவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். வழியில் ஒரு மரத்தைப் பார்த்து அத்தை நின்றுவிட்டார். "பூவரசு!" சின்ன வயதில் செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர் அவர். ஓர் இலையைப் பறித்தார், காம்பைக் கிள்ளினார், இறுக்கமாகச் சுருட்டினார், ஒரு முனையைப் பல்லில் கடித்துத் தட்டையாக்கி ஊதினார். பீப்பீ சத்தம் நன்றாகவே வந்தது. எழுபது வயதில் அப்படி ஒரு சிரிப்பு அவர் முகத்தில். அப்புறம் கடலைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கதையிலயும் எடுத்த எடுப்புலயே பூவரசுதானே வருது?" என்றார்.

நான் "ஆமாம் அத்தை" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த சீராயி கெட்டவளா?" என்று கேட்டார்.

எனக்கு வாய் வரவில்லை. "தெரியலை அத்தை" என்றேன். அவர் பீப்பீயை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.

ஊர் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அந்தக் கேள்விக்கு நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. என்ன சொல்வது? அப்படியொரு புத்தகத்தை அவர் கண்ணில் படும்படி வைத்தது தப்பா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூரோங் பெரியவர்:

தங்கச்சி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன்.

அந்த நாவலை நான் படித்தது 2015 ஜனவரியில். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் பிரதிகளைக் கொளுத்தினார்கள். அடுத்த மாதம் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை என்று அழைத்து, மன்னிப்பும் வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே முகநூலில் எழுதினார். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் தேடிப் பிடித்துப் படித்தேன். 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போடு, படித்தே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்கிற பொருளில் அதில் ஒரு வரி உண்டு. எழுத்தாளர் மறுபடி எழுதட்டும் என்று முடித்திருந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஒன்றரை வருடமும் இங்கே கோப்பிக் கடையில் நாங்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சுத்தான். கருத்துச் சுதந்திரம், சாதி, ஊர்ப் பெருமை என்று மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். வறடிக்கல்லைப் பற்றி ஒருவர்கூட வாய் திறந்ததில்லை, நான் உட்பட. பொன்னாவின் கால் எங்களுக்குத் தெரியவே இல்லை. நேற்று ராத்திரி எடுத்து மறுபடி அந்தப் பக்கங்களைப் படித்தேன்.

உங்கள் கேள்விக்கு: புத்தகத்தை வைத்தது தப்பில்லை. உங்கள் அத்தையை யாரும் படிக்கச் சொல்லவில்லை, பிடிக்காவிட்டால் முதல் பத்துப் பக்கத்திலேயே மூடியிருக்கலாம். விளக்கு வெளிச்சத்தில் கடைசிவரை போயிருக்கிறார். சீராயி கெட்டவள் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெரியவர்களைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

கிளமெண்டி:

நான் படித்திருக்கிறேன், நல்ல நாவல்தான். ஆனால் விடுமுறைக்குப் போகிற இடத்தில், அதுவும் இரண்டு முறை சிகிச்சை தோற்ற பிறகு, இதையா எடுத்துப்போவது? மனசுக்கு ஓய்வு கொடுக்கத்தானே போனீர்கள். உங்கள்மேல் அக்கறையில்தான் கேட்கிறேன்.

பொங்கோல் வாசகி:

பெரியவருக்கு நன்றி. நீங்கள் மறுபடி அந்தப் பக்கங்களை எடுத்துப் படித்தது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை.

கிளமெண்டி, உங்கள் அக்கறை புரிகிறது. லேசான புத்தகங்கள் இரண்டையும் எடுத்துப்போயிருந்தேன், அவற்றைத் தொடவில்லை. வீட்டில் இருக்கும்போது சமையல், வேலை, பிள்ளைகளின் பயிற்சித் தாள் என்று எதையாவது பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாம். அங்கே தப்பிக்க ஒன்றுமே இல்லை, வெயிலும் தண்ணீரும்தான். எனக்கு அதுதான் தேவைப்பட்டது. பொன்னா படும் பாட்டை ஒருவர் இவ்வளவு பக்கம் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பதே எனக்கு ஓய்வாக இருந்தது.

ஈசூன் அம்மா:

எனக்கு வயது 64. இரண்டு மருமகள்கள். அதனால் நான் சீராயி பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

ஜூரோங் அண்ணன் சொல்வதுபோல் "கெட்டவள் இல்லை" என்று போய்ச் சொல்லிவிடாதீர்கள் அம்மா. அதோடு பேச்சு முடிந்துவிடும். உங்கள் அத்தை தீர்ப்பைக் கேட்கவில்லை. பேச ஓர் ஆளைத் தேடுகிறார்.

எங்கள் காலத்துப் பெண்கள் எதையும் நேராகப் பேசிப் பழகியதில்லை. என் மாமியார் என்மேல் வருத்தம் என்றால் பக்கத்து வீட்டு மருமகளைப் பற்றி ஒரு கதை சொல்வார். எனக்குப் புரிந்துவிடும். நானும் பதிலுக்குப் பக்கத்து வீட்டு மாமியாரைப் பற்றி ஒரு கதை சொல்வேன். இருவருக்கும் மனசு ஆறிவிடும், யாருக்கும் முகம் சுருங்காது. இப்போது வீவக அடுக்குமாடி வீட்டில் பக்கத்துக் கதவே திறப்பதில்லை, கதை சொல்லப் பக்கத்து வீட்டு மாமியாருக்கு நாங்கள் எங்கே போவது? உங்கள் அத்தைக்கு இந்த நாவலில் ஒருத்தி கிடைத்திருக்கிறாள். அவளை வைத்தே பேசுங்கள். உங்களையும் அவரையும் நடுவில் இழுக்காதீர்கள். சீராயி என்ன நினைத்திருப்பாள், எப்படிச் சாப்பிட்டிருப்பாள், எப்படித் தூங்கியிருப்பாள், இப்படி ஏதாவது கேளுங்கள். கையில் வேலை இருக்கும்போது கேளுங்கள், கண்ணைப் பார்த்துக்கொண்டு கேட்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சீராயி சின்ன வயதிலேயே புருஷனை இழந்து ஒற்றை மகனை வளர்த்தவள். அவளுக்கு அந்த வீட்டில் என்ன உரிமை இருந்தது? காடு, மாடு, மகன், அவ்வளவுதான். அவளுடைய மாமியார் அவளுக்கு எதைக் கொடுத்தாளோ அதைத்தான் அவள் பொன்னாவுக்குக் கொடுத்தாள். அவள் செய்தது பெரிய பிழை, நான் மறுக்கவில்லை. ஆனால் என் மூத்த மருமகளுக்கு நாலு வருடம் தங்காமல் இருந்தபோது நான் செய்ததை நினைத்தால், சீராயியை என்னால் தூரத்தில் நிறுத்திப் பார்க்க முடியவில்லை. மாதாமாதம் தேதியை எண்ணிக்கொண்டிருந்தேன். குளியலறைக் குப்பைக் கூடையைப் பார்த்திருக்கிறேன் அம்மா. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

காலாங் கரை:

நான் ஆண். நாங்களும் மூன்று சுற்று ஐவிஎஃப் போய் வந்தவர்கள். அதனால் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

எல்லாரும் மாமியார், மருமகள் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். நாவலில் கடைசியில் உடைந்து போகிறவன் யார்? காளி. ஏன் உடைகிறான்? மனைவி போனதால் மட்டும் இல்லை. அம்மாவுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியும், உயிர் நண்பனான மச்சானுக்குத் தெரியும். அன்றைக்கு அவனைக் குடிக்க அழைத்துப்போய் உட்கார வைத்துவிட்டு எல்லாரும் சேர்ந்து நடத்துகிறார்கள். வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியவில்லை. எல்லாரும் அவன்மேல் பாசத்தில்தான் செய்கிறார்கள்.

வாசகி, உங்கள் கணவர் "என்ன கதை?" என்று கேட்டார். நீங்கள் "கிராமத்துக் கதை" என்றீர்கள். இப்போது உங்கள் வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியாது. உங்களைக் குறை சொல்லவில்லை. நானே அந்த இடத்தில் இருந்தவன். எங்களுடைய இரண்டாவது சுற்றின்போது எதைச் சொன்னாலும் நான் தாங்கமாட்டேன் என்று என் மனைவியும் அக்காவும் முடிவு செய்து, பரிசோதனை முடிவை இரண்டு நாள் என்னிடம் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் நான் தொட்டில் விலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாவல் 2013இலேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது, 'ஒன் பார்ட் உமன்' என்ற பெயரில். அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்த்தது, நல்ல மொழிபெயர்ப்பு. உங்கள் கணவரிடம் கொடுங்கள். என்ன கதை என்று அவர் கேட்டதற்கு அதுதான் பதில்.

பொங்கோல் வாசகி:

பத்து நாள் கழித்து வருகிறேன். எழுதிய எல்லாருக்கும் நன்றி. ஈசூன் அம்மா, யாரிடமும் சொல்லாததை இங்கே சொன்னீர்களே, அதைப் படித்து அழுதேன். என் மாமியாரும் எண்ணியிருப்பார், எனக்குத் தெரியும்.

காலாங் கரை, நீங்கள் எழுதியது சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால்தான் தைத்தது. அன்றே ஆங்கிலப் புத்தகத்தை நூலகத்தில் எடுத்துவந்து அவர் பைமேல் வைத்தேன். "பாலியில் நான் படித்தது இதுதான். கிராமத்துக் கதை என்று சொன்னேன், அது முழு உண்மை இல்லை" என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டார். ஒரு வாரம் எம்ஆர்டி ரயிலில் போகவரப் படித்தார். வடகிழக்கு ரயிலில் ஒருநாள் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன் என்றார். முடித்த அன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "அவன்கிட்ட யாருமே நேராச் சொல்லல" என்றார். ரொம்ப நேரம் கழித்து, "மூணாவது தடவை வேணுமான்னு நான் உன்ன இதுவரைக்கும் கேட்டதில்ல. நீயும் என்னக் கேட்டதில்ல" என்றார். அன்று நாங்கள் பேசியதை இங்கே எழுதப்போவதில்லை. முடிவு ஒன்றும் எடுக்கவில்லை. ஆனால் விடியும்வரை பேசினோம்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சம்பலுக்கு நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தோம். நடுவில் ஒரு பழைய செய்தித்தாள், அதன்மேல் குவியல். ஈசூன் அம்மா சொன்னபடி தலையை நிமிர்த்தாமல் கேட்டேன்: "அத்தை, அந்த ராத்திரி சீராயி தூங்கியிருப்பாளா?"

அத்தையின் விரல் நிற்கவில்லை. தலையைக் கிள்ளுவதும் வயிற்றைக் கீறிக் கறுப்பை எடுப்பதுமாக வேலை நடந்துகொண்டே இருந்தது. "எப்படித் தூங்குவா?" என்றார். பத்து மீனாவது ஆய்ந்திருப்பார். "பேரப்புள்ள வேணும்னு அவ அலையல. தான் கண்ண மூடுனப்புறம் இதுங்க ரெண்டும் தனியா நிக்குமேன்னு பயம். அந்தப் பயத்துல செஞ்சது." இன்னும் கொஞ்சம் மீன். "ஆனாலும் தப்புதான். அந்தப் பொண்ணுகிட்டப் பொய் சொல்லியிருக்கக் கூடாது. அவளக் கேட்டிருக்கணும். நெசமாக் கேட்டிருக்கணும்."

நான் "ஆமாம் அத்தை" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு அவரே தாண்டி வந்துவிட்டார். நான் எதிர்பார்க்கவில்லை. "ஜொகூர்லேர்ந்து ஒரு கஷாயம் வரவழைச்சுக் குடுத்தேனே, அதக் குடிச்சியா?"

ஆறு வருடத்துக்கு முந்தைய கஷாயம். தினமும் குடித்தேன் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். "இல்லை அத்தை. தொட்டியில ஊத்திட்டேன்."

"நல்லதாப் போச்சு. என்னா கசப்பு! நான் நக்கிப் பாத்துட்டுத்தான் குடுத்தேன், அப்பவே மனசு கேக்கல." அந்த நெத்திலி நாறும் கையாலேயே என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் என் எலும்பில் இடித்தது. ஒரு நிமிடம் பிடித்திருந்துவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.

ஜூரோங் பெரியவரே, பதில் சொல்லச் சொன்னீர்கள். கடைசியில் பதில் சொன்னது அவர்தான்.

சம்பல் அடுப்பில் இருக்கும்போது அத்தை இன்னொன்றும் கேட்டார். "கடைசில அந்தப் பூவரசு மரத்தடியில நிக்கிறானே காளி, அவன் செத்துட்டானா இல்லையா? புஸ்தகம் அப்படியே நின்னுபோச்சு."

இதற்குப் பின்கதையாக 2014இல் இரண்டு நாவல்கள் வந்திருக்கின்றன என்று சொன்னேன். ஒன்று 'ஆலவாயன்', அதில் காளி இறந்துவிடுகிறான், பொன்னா தனியாக நிற்கிறாள். இன்னொன்று 'அர்த்தநாரி', அதில் அவன் பிழைத்துக்கொள்கிறான், ஆனால் பொன்னாவை மன்னிக்க முடியாமல் தவிக்கிறான். ஒரே இடத்திலிருந்து இரண்டு கதையாகப் பிரிகிறது, எதை வேண்டுமானாலும் படிக்கலாம் என்றேன். அத்தை கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"உசுரோட இருக்கறத மொதல்ல எடுத்துட்டு வா" என்றார்.

விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் பதிவு செய்திருக்கிறேன். சனிக்கிழமை மூன்று பேருமாகப் போய் எடுத்துவரப்போகிறோம்.